காடோலினியம் அணைவுக்கு ரிலாக்ஸிவிட்டி 7.2 வருது, நம்பலாமா?

சைக்ளன்_பித்து
வணக்கம். எம்ஆர்ஐ ஸ்கேன் மருந்து மாதிரி ஒரு காடோலினியம் அணைவு பண்றேன். டோட்டாவோட (உலோகத்தைக் கூண்டு மாதிரி பிடிக்கற வளைய மூலக்கூறு) நாலு கையில ஒண்ணை மட்டும் பென்சைல் அமைடா மாத்தின லிகாண்ட் (உலோகத்தைப் பிடிக்கற மூலக்கூறு), மீதி மூணும் கார்பாக்சிலேட். சமமோல் காடோலினியம் குளோரைடு, பிஎச் 5.8, 60 டிகிரி, ஒரு ராத்திரி. மாஸ்ல 649-ஐச் சுத்தி காடோலினியத்தோட ஐசோடோப் கூட்டம் அழகா நிக்குது. 20 மெகாஹெர்ட்ஸ் ரிலாக்ஸோமீட்டர், 25 டிகிரி, அதே பிஎச் 5.8: ரிலாக்ஸிவிட்டி (ஒரு மில்லிமோலார் காடோலினியம் தண்ணியோட தளர்வு வேகத்தை, அதாவது 1/டி1-ஐ, வினாடிக்கு எவ்வளவு ஏத்துதுங்கற எண்) 7.2. டோட்டா அணைவுக்கு இதே நிலைமையில 4.7 சுத்திதான் போட்டிருக்காங்க. அமைடு வந்ததால நீர்ப் பரிமாற்றம் மாறி எண் ஏறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

இன்னொண்ணு. அதே கரைசலை 7.4-க்கு ஏத்தி ரெண்டு நாள் வெச்சா 3.3-க்கு விழுது. குழாய் லேசா மங்குது. செறிவெல்லாம் எடைக் கணக்குதான், தாய்க்கரைசல் 10 மில்லிமோலார்.

தரமணி_டைட்ரன்ட்
எடை போட்டப்ப லிகாண்டுக்கு என்ன மூலக்கூறு எடை வெச்சீங்க? கார்பாக்சிலேட்டை மூடியிருந்த எஸ்டரை எதுல எடுத்தீங்க? சைலெனால் ஆரஞ்சு (கட்டுப்படாத காடோலினியத்தைக் காட்டற சாயம்) பாத்தாச்சா?

சைக்ளன்_பித்து
493.6 சார். டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்), டைகுளோரோமீத்தேன் சரிபாதி, ராத்திரி முழுக்க. அப்புறம் ஈதர்ல வீழ்த்தி வேக்குவம்ல உலர்த்தினது. சைலெனால் பாக்கல.

தரமணி_டைட்ரன்ட்
அப்ப உங்க குப்பியில இருக்கறது 493.6 இல்ல. வளைய நைட்ரஜன்ல டிஎஃப்ஏ உப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். எவ்வளவு வேக்குவம் போட்டாலும் போகாது, அது ஈரம் இல்ல, உப்பு. ரெண்டு டிஎஃப்ஏ-ன்னு வெச்சுக்குங்க: 493.6 கூட 228, மொத்தம் 721.6. நீங்க 1 மோல்னு நினைச்சுப் போட்டது நிஜத்துல 0.68 மோல். காடோலினியம் மட்டும் முழுசா 1 மோல் போயிருக்கு. மீதி 0.32 கட்டுப்படாம சும்மா சுத்துது.

இப்ப எண்ணைப் பாருங்க. தண்ணியில தனியா இருக்கற காடோலினியம் அயனிக்கு 20 மெகாஹெர்ட்ஸ், 25 டிகிரியில ரிலாக்ஸிவிட்டி ஏறக்குறைய 13. எட்டு தண்ணி மூலக்கூறை நேரா பிடிச்சிருக்கு, ஏறத்தான் செய்யும். உங்க அணைவு சாதாரணமா 4.6-னு வெச்சா, 0.68 × 4.6 = 3.1. 0.32 × 13 = 4.2. கூட்டினா 7.3. நீங்க அளந்தது 7.2.

7.4-க்கு ஏத்தினா கட்டுப்படாதது ஹைட்ராக்சைடாவும், காத்துல இருந்து கரையற கார்பனேட்டோட சேந்தும் மெல்ல வெளிய விழும். அதான் மங்கல். மிச்சம் நிக்கறது 3.1 சொச்சம். நீங்க பாத்தது 3.3. அதை 0.68-ஆல வகுத்தா எங்க வந்து நிக்கும்னு நீங்களே போட்டுக்குங்க.

சுழல்நேரம்
தரமணியார் சொன்னதற்கு மறுபக்கத்திலிருந்தும் ஓர் ஆதாரம் உண்டு. நீர்ப் பரிமாற்றம் என்ற விளக்கம் இங்கே கணக்கிலேயே நிற்காது.

உள்வட்ட நீர் (காடோலினியத்தோடு நேராக ஒட்டிய நீர்) ஒன்றே ஒன்று இருக்கும் அணைவில், உள்வட்டத்தின் பங்கு = 1 ÷ (55,500 × [அந்த நீரின் டி1 + அது தங்கும் நேரம்]). 55,500 என்பது தண்ணீரின் மில்லிமோலார் செறிவு, டி1 என்பது காந்தத் தளர்வு நேரம். டோட்டா அணைவின் 4.7-ல் பாதிக்குச் சற்று மேல்தான் உள்வட்டம். மீதி பக்கத்தில் உரசிப் போகும் வெளிவட்ட நீர். உள்வட்டப் பங்கு 2.6 என்றால் அடைப்புக்குள் இருக்கும் மொத்த நேரம் ஏறக்குறைய 6.9 மைக்ரோவினாடி. டோட்டாவில் நீர் தங்கும் நேரம் 0.24 மைக்ரோவினாடி மட்டுமே. பெரும்பங்கு டி1-னுடையது, அதை நிர்ணயிப்பது மூலக்கூறு சுழலும் வேகம்: 77 பிக்கோவினாடி. இவ்வளவு சிறிய, வேகமாகச் சுழலும் மூலக்கூறில் பரிமாற்றத்தை எப்படி மாற்றினாலும் ரிலாக்ஸிவிட்டி ஓரிரு தசமம்தான் அசையும்.

அதோடு அமைடு பரிமாற்றத்தை மெதுவாக்கும், வேகமாக்காது. கார்பாக்சிலேட்டின் எதிர்மின்சுமை குறைவதால் காடோலினியம் தண்ணீரை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. டிடிபிஏ என்ற நேர்சங்கிலி லிகாண்டில் வினாடிக்கு 33 லட்சம் முறை நீர் மாறுகிறது. அதன் இரண்டு கையை அமைடாக்கிய டிடிபிஏ-பிஎம்ஏ-யில் நாலரை லட்சம்.

பழையகுடுவை
தம்பி, மாஸில் ஐசோடோப் கூட்டம் சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதே. அணைவு இருக்கிறது என்றுதான் அது சொல்லும், அணைவு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லாது. கட்டுப்படாத காடோலினியம் அந்த மாஸில் தெரியவே தெரியாது.

டிஎஃப்ஏ எத்தனை என்று தெரிந்துகொள்ள ஃப்ளூரின் என்எம்ஆர் போதும். எடை தெரிந்த ட்ரைஃப்ளூரோஎத்தனாலை உள்நிர்ணயமாகப் போட்டுத் தொகையீடு எடு. அதைவிட நல்லது உப்பையே ஒழிப்பது: டவெக்ஸ் 50 (அயனிப் பரிமாற்றப் பிசின்) அமில வடிவ நிரல், லிகாண்டைத் தண்ணீரில் ஏற்று, கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை தண்ணீர், பிறகு 0.5 மோலார் அம்மோனியாவில் இறக்கு, உறைய வைத்து உலர்த்து. அதன் பிறகும் எடையை நம்பாதே. ஒரு சிறு அளவை எடுத்துத் தரப்படுத்திய காடோலினியத்தால் டைட்ரேட் செய்து, இந்தக் குப்பியில் மில்லிகிராமுக்கு இத்தனை மைக்ரோமோல் என்று லேபிளில் எழுதி ஒட்டிவிடு.

தரமணி_டைட்ரன்ட்
"தரப்படுத்திய"-ங்கறதை அடிக்கோடு போட்டுக்குங்க. காடோலினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 371.7-னு பாட்டில்ல எழுதியிருக்கும். ஐப்பசி மழையில ரெண்டு தடவ மூடி திறந்தா அந்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது, உப்பு தண்ணியை இழுத்துக்கிட்டு பாட்டில் சுவத்துல பாகு மாதிரி ஒட்டும். ஏறக்குறைய 50 மில்லிமோலார் கரைசல் பண்ணிடுங்க. அதுல 5 மில்லி எடுத்து ஹெக்ஸமின் பஃபர்ல பிஎச் 5.5-க்கும் 6-க்கும் நடுவுல வெச்சு, ரெண்டு சொட்டு சைலெனால் ஆரஞ்சு, 0.01 மோலார் ஈடிடிஏ. ஊதாச் சிவப்பு போய் எலுமிச்சை மஞ்சள் வந்தா முடிஞ்சது. மூணு தடவ, 0.3 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகணும். இதுக்கப்புறம் தராசை மறந்துட்டு கரைசலை மட்டும் பிப்பெட் பண்ணுங்க.

கட்டுப்படாததைக் கண்டுபிடிக்க அதே சாயம், ஆனா நிறமானியில. 50 மில்லிமோலார் அசிடேட் பஃபர், பிஎச் 5.8, அதுல சாயம் 16 மைக்ரோமோலார். 100 மில்லிக்கு 1.2 மில்லிகிராம்தான் வரும், அதை நேரா எடை போட முடியாது. 12 மில்லிகிராம்ல தாய்க்கரைசல் பண்ணி பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்க. 433-லயும் 573-லயும் உறிஞ்சல் எடுத்து, ரெண்டாவதை முதலால வகுக்கணும். காடோலினியம் 0, 5, 10, 20, 30 மைக்ரோமோலார்ல அளவுக்கோடு. சாயம் நாளாக நாளாக ஏமாத்தும், கோட்டை அன்னன்னைக்கு வரைங்க.

உங்க மாதிரியை 50 மைக்ரோமோலாருக்குக் கொண்டுபோய்ப் போட்டா கண்ணுக்கே ஊதா தெரியும்னு பந்தயம் கட்டறேன். பாஸ்பேட் பஃபர்ல இருந்து எடுத்து இதுல போட்டுடாதீங்க, பாஸ்பேட் காடோலினியத்தைப் பிடிச்சுக்கிட்டு "எல்லாம் சுத்தம்"-னு பொய் சொல்ல வைக்கும்.

சைக்ளன்_பித்து
பந்தயம் வேண்டாம் சார், போட்டுப் பாத்துட்டேன். ஊதாதான். அளவுக்கோட்டுப்படி 50-ல 15-ஐ ஒட்டி வருது. ஒரு சந்தேகம்: போட்ட உடனே ஒரு நிறம், பத்து நிமிஷம் கழிச்சு கொஞ்சம் இன்னும் ஏறுது. சாயம் லிகாண்ட்கிட்ட இருந்தே பிடுங்குதா?

பழையகுடுவை
டோட்டா குடும்பத்திடமிருந்து பத்து நிமிடத்தில் சாயம் பிடுங்காது. மெல்ல ஏறுவது பெரும்பாலும் பாதி உட்கார்ந்த அணைவு. காடோலினியம் முதலில் கார்பாக்சிலேட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு வளையத்துக்கு வெளியே நிற்கும். வளைய நைட்ரஜன் இரண்டில் இன்னும் புரோட்டான் இருக்கும். அந்தப் புரோட்டான்கள் போனால்தான் உலோகம் உள்ளே இறங்கும், அதற்கு ஹைட்ராக்சைடு வேண்டும். அதனால்தான் பிஎச் 4-ல் ஒரு வாரம் கிடந்தாலும் முடியாது, 7-க்கு மேல் எடுத்த எடுப்பில் போனால் உலோகம் ஹைட்ராக்சைடாக விழும்.

நான் சொல்லும் முறை: லிகாண்ட் 5 சதவீதம் கூடுதல். 50 மில்லிமோலார் லிகாண்டைத் தண்ணீரில் கரைத்து முதலில் பிஎச் 5.5. காடோலினியத்தை மூன்று தவணையாக விடு. ஒவ்வொரு தவணையிலும் புரோட்டான் வெளிவந்து பிஎச் 3-க்குச் சரியும், 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக, நன்றாகக் கலங்கும் இடத்தில் விடு. சொட்டு விழுந்த இடத்தில் வெண்புகை மாதிரி தெரிந்தால் நிறுத்து, அது கரைந்த பிறகு அடுத்தது. 60 டிகிரி. பிஎச் 6-க்கும் 6.5-க்கும் நடுவில் இரண்டு மணி நேரம் தானாக நகராமல் நின்றால் பெரும்பகுதி முடிந்தது. அதன் பிறகு 8-க்கு ஏற்றி ஒரு ராத்திரி அதே சூட்டில் விடு. பாதி உட்கார்ந்தது அப்போதுதான் முழுக்க உட்காரும். ஆற வைத்து 0.2 மைக்ரான் வடிகட்டி.

கூடுதல் லிகாண்டை சி18 நிரலில் பிரித்துவிடலாம். கூடுதல் உலோகம் தங்கினால் உலோகத்தைப் பிடிக்கும் செலெக்ஸ் பிசின். அதைச் சோடியம் வடிவத்தில் அப்படியே கொட்டினால் கரைசலை 10-க்கு மேல் இழுத்துவிடும், முன்கூட்டி அசிடேட்டால் 6-க்குக் கழுவிக்கொள்.

இன்னொன்று: டிஎஃப்ஏ கரைசலுக்குள் எஃகு ஊசியையோ கரண்டியையோ விடாதே. லிகாண்ட் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பிறகு காடோலினியத்துக்கு இடம் இருக்காது. இளமஞ்சள் நிறமாக லிகாண்ட் வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்.

சுழல்நேரம்
செறிவை ஐசிபி-யில் (தனிம அளவைக் காட்டும் கருவி) பார்க்கலாம். ஐஐடி வளாகத்து சைஃப் பகுப்பாய்வுக் கூடம் வெளி மாதிரிகளையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண என்எம்ஆரிலேயே எவன்ஸ் முறையில் கால் மணி நேரத்தில் கிடைக்கும். உள்குழாயில் கனநீரும் 10 சதவீத டெர்ட்-பியூட்டனாலும். வெளிக்குழாயில் அதே கலவையோடு உங்கள் அணைவு. பியூட்டனால் மீத்தைல் உச்சி இரண்டாகத் தெரியும். காந்தப்புலத்துக்கு இணையாக நிற்கும் குழாயில், 25 டிகிரியில், காடோலினியம் ஒரு மில்லிமோலாருக்கு இடைவெளி 0.11 பிபிஎம். 10 மில்லிமோலார் என்று நீங்கள் நினைப்பது நிஜமாக 10 என்றால் 1.1 பிபிஎம் வர வேண்டும். இது மொத்தக் காடோலினியத்தைச் சொல்லும், கட்டுப்பட்டது எவ்வளவு என்று சொல்லாது. அதனால் வடிகட்டிச் சுத்தம் செய்த பிறகு எடுங்கள்.

ரிலாக்ஸிவிட்டியைப் பற்றி மூன்று எச்சரிக்கை. ஒரே செறிவில் அளந்து வகுக்காதீர்கள், 0.2 முதல் 1.0 வரை ஐந்து செறிவு, நேர்கோட்டின் சாய்வு. வெட்டுப்புள்ளி 25 டிகிரியில் 0.4-க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் ஏதோ கோணல். இரண்டாவது, வெப்பநிலை. மே மாதம் ஏசி ஓடாத அறையில் 33 டிகிரியில் அளந்துவிட்டு 25 என்று எழுதுவது நடக்கிறது. டோட்டா அணைவே 25-லிருந்து 37-க்குப் போனால் 4.7-லிருந்து 3.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். மூன்றாவது, 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆரில் வெறும் தண்ணீரை நிரப்பி டி1 எடுக்காதீர்கள். தண்ணீர் உச்சி அவ்வளவு பலமாக இருந்தால் கருவியின் சுருளே அதை வேகமாகத் திருப்பிவிடும், டி1 பொய்யாகக் குறையும். மெல்லிய தந்துகியில் கொஞ்சமாக வைத்து எடுக்கலாம். அப்போதும் அந்த எண் 9.4 டெஸ்லாவுக்கு உரியது, 0.47 டெஸ்லா எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

தரமணி_டைட்ரன்ட்
கருவியையே சோதிக்க மலிவான வழி: மருந்துக்கடை டோட்டாரெம் (டோட்டா அணைவு மருந்து) குப்பி. அது 0.5 மோலார். 500 மடங்கு நீர்த்தா 1 மில்லிமோலார். கெட்டியா இருக்கறதால பிப்பெட் முனையில ஒட்டிக்கும், மில்லிக்கு 1.17 கிராம்னு வெச்சு எடை போட்டு எடுங்க. 25 டிகிரியில 4.7 சுத்தி வரலன்னா கோளாறு லிகாண்டுல இல்ல.

சைக்ளன்_பித்து
புரிஞ்சுது. அடுத்த லிகாண்ட் பத்தி இப்பவே கேட்டுடறேன். ரெண்டு யோசனை. ஒண்ணு, பென்சைலுக்குப் பதிலா பைஃபீனைல் போட்டு ரத்தப் புரதமான ஆல்புமின்ல ஒட்ட வைக்கறது. ரெண்டு, ஒரு கையையே எடுத்துட்டு டிஓ3ஏ-வா (மூணே கை இருக்கற டோட்டா) விட்டு ரெண்டு தண்ணிக்கு இடம் விடறது. எது நல்லது?

மூணுடெஸ்லா
நான் ஸ்கேன் பக்கத்துல இருந்து வர்றேன், வேதியியல்ல தப்பு இருந்தா திருத்துங்க. ஆல்புமின் ஒட்டற கதை 20 மெகாஹெர்ட்ஸ்ல அட்டகாசமா இருக்கும், ஏன்னா மெதுவா சுழல்ற மூலக்கூறுக்கு மேடு அங்கதான் வருது. ஆனா சென்னையில இப்ப நீங்க போற ஸ்கேன் சென்டர் 1.5 இல்லன்னா 3 டெஸ்லா. 3 டெஸ்லான்னா 128 மெகாஹெர்ட்ஸ். அங்க அந்த மேடு சரிஞ்சு கிடக்கும். காடோஃபோஸ்வெசெட்ங்கற மருந்து இந்த வழியிலதான் வந்தது, அமெரிக்காவுல 2008-ல அனுமதி கிடைச்சு, அப்புறம் சந்தையில இருந்தே எடுத்துட்டாங்க.

காடோபிக்லெனால் வேற வழி. பிரிடின் சேர்ந்த வளையம், ரெண்டு உள்வட்டத் தண்ணி, கைகள் கொஞ்சம் பெருசு. 2022-ல அமெரிக்க அனுமதி. மத்ததுல பெரும்பாலானது கிலோவுக்கு 0.1 மில்லிமோல்னா இது 0.05. 60 கிலோ ஆளுக்கு 0.5 மோலார் மருந்து 12 மில்லிக்குப் பதிலா 6 மில்லி. உடம்புக்குள்ள போற காடோலினியமே பாதி, எங்களுக்கு அதுதான் பெருசு.

சுழல்நேரம்
மேடம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். ஆல்புமினில் ஒட்டிவிட்டால் டி1 பங்கு சுருங்கி, நீர் தங்கும் நேரமே தடையாகிறது. முதல் பதிலில் போட்ட அதே சூத்திரம். தங்கும் நேரம் 1 மைக்ரோவினாடி என்றால், மீதி எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் உள்வட்டப் பங்கு 18-ஐத் தாண்டாது. டிடிபிஏ-பிஎம்ஏ-யின் 2.2 மைக்ரோவினாடி என்றால் 8-தான் கூரை. 100 நானோவினாடிக்கு இறக்கினால் கூரை 180. ஆகவே ஒற்றை அமைடு கையில் பைஃபீனைலைத் தொங்கவிட்டு ஆல்புமினுக்கு அனுப்புவது ஒரு கையால் ஆக்சிலேட்டரையும் இன்னொரு கையால் பிரேக்கையும் பிடிப்பதுதான். ஒட்டும் தொகுதியை வளையத்தின் கார்பனிலோ, கார்பாக்சிலேட் கையின் ஆல்பா கார்பனிலோ பொருத்தினால் நாலு கார்பாக்சிலேட்டும் தப்பும்.

பரிமாற்றத்தை வேகப்படுத்த இடநெருக்கடி உதவும். வளையத்தில் ஒரு கார்பன் கூட்டிய ட்ரிட்டா அணைவில் வினாடிக்கு 27 கோடி முறை நீர் மாறுகிறது, டோட்டாவில் 41 லட்சம்தான். ஆனால் அந்தக் கூடுதல் கார்பன் கூண்டையும் தளர்த்திவிடுகிறது.

டோட்டா அணைவு இரு வடிவில் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: சதுர எதிர்ப்பட்டகம், அதன் முறுக்கிய வடிவம். முறுக்கிய வடிவில் நீர் பத்து மடங்குக்கு மேல் வேகமாக மாறும். கலவையில் எது எவ்வளவு என்று பார்க்க காடோலினியம் உதவாது, எல்லா உச்சியையும் அகலப்படுத்தி அழித்துவிடும். யூரோப்பியம் அணைவைச் செய்து புரோட்டான் என்எம்ஆர் எடுங்கள். வளையத்தின் அச்சுப் புரோட்டான்கள் சதுர வடிவில் 30 பிபிஎம்-க்கு மேலும் முறுக்கியதில் அதற்குக் கீழும் விழும்.

பழையகுடுவை
டிஓ3ஏ பற்றி. காகிதத்தில் இரண்டு தண்ணீர், ரத்தத்தில் அது நிற்காது. பைகார்பனேட், லாக்டேட், பாஸ்பேட் இவையெல்லாம் அந்த இரண்டு இடத்திலும் வந்து உட்காரும். தூயநீரில் ரிலாக்ஸிவிட்டி எகிறும், சீரத்தில் சரியும். இரண்டு தண்ணீர் வேண்டுமென்றால் விறைப்பான கூண்டு வேண்டும்: பிசிடிஏ, ஆஸ்டா போல. கையை எடுத்துவிட்டு ஓட்டை விடுவது வடிவமைப்பு ஆகாது.

எத்தனை தண்ணீர் நிஜமாக ஒட்டியிருக்கிறது என்பதை யூரோப்பியம் அணைவின் ஒளிர்வு ஆயுளால் பார். 395 நானோமீட்டரில் தூண்டு, 616-ல் அளவிடு, தண்ணீரில் ஒரு முறை, கனநீரில் ஒரு முறை. ஆயுளை மில்லிவினாடியில் எழுதித் தலைகீழாக்கினால் சிதைவு வேகம். இரண்டின் வித்தியாசத்தில் 0.25 கழி, 1.2-ஆல் பெருக்கு. தண்ணீரில் 0.625, கனநீரில் 1.9 மில்லிவினாடி என்றால் வேகம் 1.60, 0.53, வித்தியாசம் 1.07, விடை 0.98, அதாவது ஒரு தண்ணீர். உன் லிகாண்டில் அமைடு ஹைட்ரஜன் ஒன்று இருப்பதால் இன்னும் 0.075 கழிக்க வேண்டும். பிறகு 25 மில்லிமோலார் பைகார்பனேட்டைப் போட்டு மறுபடி அள. எண் விழுந்தால் ரத்தத்திலும் விழும். கனநீரை இரண்டு முறையாவது ஆவியாக்கி மாற்று. சென்னைக் காற்றில் திறந்து வைத்த கனநீர் மாலைக்குள் பாதி தண்ணீர்.

தரமணி_டைட்ரன்ட்
பாதி இல்ல ஐயா, மிகைப்படுத்தறீங்க. ஆனா 1.9 வரவேண்டிய ஆயுள் குறைவா வர்ற அளவுக்கு இழுத்துக்கும், அது போதும் கணக்கைக் கெடுக்க.

மூணுடெஸ்லா
ஒரு விஷயம் யாரும் இன்னும் தொடல. ரிலாக்ஸிவிட்டி இரட்டிப்பானாலும் காடோலினியம் கழண்டா எங்க பக்கம் அது உள்ளயே வராது. அயனி கால்சியத்தோட அளவுலயே இருக்கறதால கால்சியம் வாய்க்கால்ல போய் அடைச்சுக்கும். சிறுநீரகம் பழுதானவங்களுக்கு தோல் இறுகிப்போற என்எஸ்எஃப் நோய்க்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006-ல வெளிய வந்தது, பெரும்பாலும் நேர்சங்கிலி லிகாண்ட் மருந்துங்க. 2014-ல ஜப்பான்ல சிறுநீரகம் நல்லா இருந்தவங்க மூளையிலயே டென்டேட் நியூக்ளியஸ் பிரகாசமா தெரியறதைக் காட்டினாங்க. 2017-ல ஐரோப்பிய மருந்து முகமை ரத்தக்குழாய் வழியா ஏத்தற நேர்சங்கிலி மருந்துகள்ல பெரும்பாலானதை நிறுத்தி வெச்சுடுச்சு, கல்லீரல் ஸ்கேனுக்கான ரெண்டை மட்டும் விட்டுச்சு. அதனால லிகாண்ட் வரையும்போது முதல் கேள்வி அதுவா இருக்கட்டும்.

சைக்ளன்_பித்து
நிலைப்பு மாறிலி (லாக் கணக்குல) பாத்தா போதுமா அக்கா? டோட்டா 25 சுத்தி, டிடிபிஏ 22.5, டிடிபிஏ-பிஎம்ஏ 16.9-னு அடுக்கு வித்தியாசம் இருக்கே.

பழையகுடுவை
போதாது. அது சமநிலை எண். உடம்பில் சமநிலைக்கு நேரமே கொடுப்பதில்லை, ஒன்றரை மணி நேரத்தில் பாதி சிறுநீரில் போய்விடும். எவ்வளவு மெதுவாகக் கழலும் என்பதே கேள்வி. பிஎச் 1 அமிலத்தில் அரைவாழ்வு: டோட்டா அணைவு 338 மணி நேரம், மற்ற வளைய மருந்துகளான காடோபியூட்ரால் 43, காடோடெரிடால் 3.9, நேர்சங்கிலி எல்லாம் 5 வினாடிக்குள். நிலைப்பு மாறிலியில் டிடிபிஏ 22.5, காடோபியூட்ரால் 21.8 என்று டிடிபிஏ மேலே நிற்கிறது பார். அமிலத்தில் ஒன்று 43 மணி நேரம், இன்னொன்று 5 வினாடி.

சுழல்நேரம்
அந்தச் சோதனையை ரிலாக்ஸோமீட்டரிலேயே செய்யலாம். 1 மில்லிமோலார் அணைவை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, நேரத்துக்கு நேரம் டி1 எடுங்கள். கழன்ற காடோலினியம் 13-க்கு ஏறுவதால் 1/டி1 மேலே போகும், அதிலிருந்து அரைவாழ்வு. தொடக்கப் புள்ளியே எதிர்பார்த்ததைவிட மேலே இருந்தால் கட்டுப்படாதது ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

துத்தநாகச் சோதனை இதன் எதிர்த்திசை: பாஸ்பேட் பஃபர் பிஎச் 7, அணைவு 2.5 மில்லிமோலார், துத்தநாகக் குளோரைடு 2.5 மில்லிமோலார், 37 டிகிரி, மூன்று நாள். கழன்ற காடோலினியம் பாஸ்பேட்டாக விழுவதால் இங்கே வேகம் கீழே இறங்கும். மூன்று நாள் முடிவில் டோட்டா ஏறக்குறைய அப்படியே நிற்கும், டிடிபிஏ பாதிக்கு வரும், டிடிபிஏ-பிஎம்ஏ பத்தில் ஒன்றை ஒட்டிவிடும். குழாயில் வெண்மங்கல் கண்டு பதற வேண்டாம். துத்தநாகப் பாஸ்பேட்டும் அதில் விழும். டி1 எண்ணைப் பாருங்கள், மங்கலைப் பார்க்காதீர்கள். மூன்று நாளும் குழாயை இறுக மூடி வையுங்கள், நீர் ஆவியானால் செறிவு ஏறிக் கழன்றதை மறைத்துவிடும்.

சைக்ளன்_பித்து
பழைய குப்பியை ஐயா சொன்ன மாதிரி 8-ல ஒரு ராத்திரி வெச்சு, வடிகட்டி, 6-க்கு இறக்கிச் செலெக்ஸ்ல விட்டேன். சைலெனால் மஞ்சளாவே நிக்குது, பத்து நிமிஷத்துக்கு அப்புறமும். எவன்ஸ்ல 0.75 பிபிஎம், அதாவது 6.8 மில்லிமோலார். அஞ்சு செறிவுல சாய்வு 4.6, வெட்டுப்புள்ளி 0.39. டோட்டாரெம் குப்பி 4.7. நாளைக்கு டவெக்ஸ் நிரல். புதுசா லிகாண்ட் பெருசா பண்ணணும், டிஓ3ஏ ட்ரைஎஸ்டர் செய்யறதுல எனக்கு ஒவ்வொரு தடவையும் நாலாவது கையும் ஏறின டெட்ரா கலந்து வருது. அதுக்கு என்ன வழி?

பழையகுடுவை
காரத்தை மாற்று. பொட்டாசியம் கார்பனேட் போட்டால் டெட்ரா வரத்தான் செய்யும். சைக்ளன் (டோட்டாவின் கையில்லாத வளையம்) 5 கிராம், சோடியம் அசிடேட் 7.86 கிராம், டைமீத்தைல் அசிடமைடு 60 மில்லி, மைனஸ் 20 டிகிரி. டெர்ட்-பியூட்டைல் புரோமோஅசிடேட் 14.2 மில்லியை அதே கரைப்பான் 20 மில்லியில் கலந்து அரை மணி நேரம் சொட்டு விடு. புகைக்கூண்டுக்குள்தான், கண்ணைக் கொட்டிவிடும். பிறகு அறைவெப்பத்தில் 24 மணி நேரம். 300 மில்லி தண்ணீரில் ஊற்றி, பொட்டாசியம் பைகார்பனேட் 15 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. ட்ரைஎஸ்டர் ஹைட்ரோபுரோமைடு உப்பாக வெள்ளையாக விழும், டெட்ரா பெரும்பாலும் தாய்நீரில் தங்கிவிடும். குளோரோஃபார்மில் கரைத்து, தண்ணீரால் கழுவி, உலர்த்தி, 25 மில்லிக்குச் சுண்டவைத்து, 250 மில்லி ஈதர் ஊற்று. 70 சதவீதத்துக்கு மேல் வர வேண்டும்.

அது ஹைட்ரோபுரோமைடு உப்பு என்பதை அடுத்த படியில் மறந்துவிடாதே. மூலக்கூறு எடை 595.6, 514.7 இல்லை.

தரமணி_டைட்ரன்ட்
மறுபடியும் உப்பு.